இணைந்த குளியலறைப் பொருத்துகள்: தண்ணீரையும் இடத்தையும் மிச்சம் பிடிக்க விரும்பும் வன்னி வீட்டாரின் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் புதிதாக வீடு கட்டுவோரும், கட்டி முடித்த வீட்டோடு ஒரு குளியலறையைச் சேர்க்க எண்ணுவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. வன்னிக்குப் பெருமழை ஐப்பசி தொடங்கித் தை வரையான மாரியில்தான். அதன் பிறகு மாதக்கணக்கில் கிணறு கொடுப்பதே தண்ணீர். சோளகக் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் கிணற்றின் அடி தெரிகிற வளவுகள் பல உண்டு. ஆகவே ஒரு பொருத்து எவ்வளவு அழகானது என்பதைக் காட்டிலும், அந்த மாதங்களில் எத்தனை லீற்றர் குறைவாக இறைக்கச் செய்யும் என்பதை வைத்தே ஒவ்வொன்றையும் மதிப்பிட்டிருக்கிறேன்.

இணைந்த பொருத்து என்று எதைச் சொல்கிறீர்கள்?

தனித்தனியே வைக்கப்படும் இரண்டு அல்லது மூன்று பொருள்களை ஒன்றாக்கி, ஒரே இடத்தில் அல்லது ஒரே தண்ணீரில் வேலை செய்ய வைக்கும் அமைப்பு எதுவும் இதில் அடங்கும். கொமட்டின் ஃபிளஷ் தாங்கி மூடியையே கைகழுவும் பேசினாக ஆக்கிய அமைப்பு இவற்றுள் பெயர்பெற்றது. ஜப்பானின் சிறிய வீடுகளில் அது நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. 1917இல் தொடங்கப்பட்ட டோட்டோ போன்ற அந்நாட்டு நிறுவனங்கள் இவ்வகைத் தாங்கிகளைச் செய்கின்றன. ஸ்பெயின் நாட்டு ரோகா நிறுவனம் பேசினையும் கொமட்டையும் ஒரே உடலாக வார்த்த விலை உயர்ந்த வடிவமொன்றை வெளியிட்டது. கழுவும் நீர்த்தாரை உள்ளேயே பொருத்தப்பட்ட கொமட் இருக்கை, குளியலும் மலசலகூடமும் ஒரே அறையில் அமைந்த ஈர அறை, பேசின் கழிவுநீரைச் சேமித்து மலசலகூடத்துக்கு ஊற்றும் எளிய ஏற்பாடு ஆகியனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கடைசியாகச் சொன்னதை எந்தக் கடையிலும் பெட்டியில் வைத்து விற்கமாட்டார்கள். வன்னிக்கு மிகவும் பொருந்துவது அதுதான் என்பது என் கருத்து.

தாங்கியின் மேல் பேசின் வைத்த கொமட் எப்படி வேலை செய்கிறது?

சாதாரணத் தாங்கியில் பொத்தானை அழுத்தியதும் உள்ளிருக்கும் தண்ணீர் கொமட்டுக்குள் இறங்குகிறது. மிதவை கீழே போகிறது. நிரப்பும் வால்வ் திறந்து புதுத்தண்ணீர் நேரே தாங்கிக்குள் விழுகிறது. இணைந்த அமைப்பில் அந்தப் புதுத்தண்ணீரை ஒரு மெல்லிய குழாய் மூடிக்கு மேலே கொண்டுவந்து பேசினுக்குள் ஊற்றுகிறது. அதில் கையைக் கழுவினால், கழுவிய தண்ணீர் பேசினின் துளை வழியே தாங்கிக்குள் இறங்கி, அடுத்த தடவை ஃபிளஷ் செய்யப் பயன்படுகிறது. தாங்கி நிரம்பி மிதவை மேலே வந்ததும் தண்ணீர் தானாகவே நின்றுவிடும். கழுவிய கையால் குழாயைத் தொட்டு மூட வேண்டிய தேவை இல்லாதிருப்பது சுகாதார நோக்கில் ஒரு நன்மை.

ஆயினும் ஃபிளஷ் செய்த பிறகுதான் அந்தக் குழாயில் தண்ணீர் வரும். பல் துலக்கவும், முகம் கழுவவும், தொழுகைக்கு முன் வுழூச் செய்யவும், பிள்ளைகளின் கால் கழுவவும் வேறொரு குழாய் கட்டாயம் வேண்டும். இதை எண்ணாமல் பழைய பேசினைக் கழற்றிவிட்டால், பல் துலக்குவதற்காக வெறுமனே ஃபிளஷ் செய்யும் பழக்கம் வந்துவிடும். அப்போது மிச்சம் பிடித்ததற்கு மேலாகவே தண்ணீர் வீணாகும்.

உண்மையில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும்?

ஐந்து பேர் உள்ள வீடொன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு நாளில் மலம் கழிக்க ஒரு தடவையும் சிறுநீர் கழிக்க நான்கு தடவையும் போவதாகக் கொண்டால், வீட்டில் மொத்தம் 25 தடவை தண்ணீர் விடப்படும். தாங்கி பழைய 9 லீற்றர் வகையானால் நாளொன்றுக்கு 225 லீற்றர் மலக்குழிக்குப் போகிறது. 1,000 லீற்றர் கொள்ளும் கூரைத் தாங்கியில் ஏறத்தாழக் கால்பங்கு அது. அதே வீட்டில் முழு ஃபிளஷுக்கு 6 லீற்றரும் அரை ஃபிளஷுக்கு 3 லீற்றரும் விடும் இரட்டைப் பொத்தான் தாங்கியை வைத்தால், ஐந்து முழுவதற்கு 30 லீற்றர், இருபது அரைக்கு 60 லீற்றர், ஆக 90 லீற்றர் போதும். நாளொன்றுக்கு 135 லீற்றர், மாதத்துக்கு 4,050 லீற்றர் மிஞ்சுகிறது. குழாய்நீர் இணைப்புள்ள வீட்டில் ஒரு அலகு 1,000 லீற்றர் என்பதால், பட்டியலில் நான்கு அலகு குறையும்.

இனி, தாங்கிக்கு மேல் பேசின் வைப்பதால் வரும் மிச்சத்தைப் பார்ப்போம். அது தருவது ஒரே ஒரு சேமிப்பைத்தான்: கைகழுவ வேறாகச் செலவாகியிருக்கக்கூடிய தண்ணீர். ஒரு தடவைக்கு ஒரு லீற்றர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 25 லீற்றர், மாதத்துக்கு 750 லீற்றர். அது சிறிய தொகை அன்று. ஆனால் தாங்கியின் கொள்ளளவைக் குறைப்பதால் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. 9 லீற்றர்த் தாங்கியின் மேல் அழகிய பேசின் ஒன்றை வைத்துவிட்டு வீட்டில் தண்ணீர்ச் சிக்கனம் செய்துவிட்டோம் என்று ஆறுதல் கொள்பவர், பெரிய ஓட்டையை விட்டுவிட்டுச் சிறிய ஓட்டையை அடைத்தவராகிறார். முதலில் இரட்டைப் பொத்தான். பணம் மிஞ்சினால் பேசின் மூடி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இரட்டைப் பொத்தான் முறை வறட்சிக்குப் பேர்போன அவுஸ்திரேலியாவில் வளர்ந்தது. அங்குள்ள கரோமா நிறுவனத்தில் புரூஸ் தொம்சன் என்பவர் 1980இல் உருவாக்கிய தாங்கி, முழுவதற்கு 11 லீற்றரும் அரைக்கு 5.5 லீற்றரும் விட்டது. கொமட்டின் உள்வடிவத்தையும் சேர்த்துத் திருத்தியதால்தான் பின்னர் 6, 3 என்ற அளவுக்கும், அதற்குக் கீழே 4.5, 3 என்ற அளவுக்கும் இறங்க முடிந்தது. பழைய கொமட்டை வைத்துக்கொண்டு தாங்கியை மட்டும் சிறிதாக்கினால் ஒரு தடவையில் போகாமல் இரண்டு தடவை அழுத்த நேரிடுவது இந்தக் காரணத்தால்தான். கொமட்டையும் தாங்கியையும் ஒரே தொகுதியாக வாங்குவதே முறை.

எங்கள் வீட்டில் குந்தியிருக்கும் மலசலகூடந்தான். கொமட்டுக்கு மாறினால்தான் தண்ணீர் மிஞ்சுமா?

மாறினால் தண்ணீர்ச் செலவு கூடும். பேணியால் அள்ளி ஊற்றும் மலசலகூடத்தில் மலத்துக்கு ஏறத்தாழ 3 லீற்றரும் சிறுநீருக்கு 1 லீற்றரும் ஊற்றினால் போதும். மேற்சொன்ன ஐந்து பேர் வீட்டுக்கு அது நாளொன்றுக்கு 35 லீற்றர். வீடுகளில் வைக்கும் சாதாரண ஃபிளஷ் கொமட் எதுவும் இந்த அளவுக்கு இறங்குவதில்லை. போருக்குப் பின் 550,000 ரூபா உதவித்தொகையோடு இந்திய வீட்டுத் திட்டத்திலும், வேறு திட்டங்களிலும் கட்டப்பட்ட வன்னி வீடுகள் பலவற்றில் உள்ளது இந்த வகையே. அதைப் பின்தங்கிய ஒன்றாக எண்ணி உடைத்தெறிய வேண்டாம். முழங்கால் இயலாதவர் வீட்டில் இல்லையென்றால், அதை வைத்துக்கொண்டே இணைந்த பொருத்தின் முழுப் பயனையும் பெறலாம்.

செய்யும் விதம் இதுதான். மலசலகூடத்தின் உள்ளே, கதவை ஒட்டிய மூலையில், சிறிய மூலைப் பேசினொன்றைச் சற்று உயரமாக, தரையிலிருந்து ஏறத்தாழ 32 அங்குலத்தில் பொருத்துங்கள். அதன் கழிவுக் குழாயை நிலத்துக்குள் கொண்டுபோகாமல், கீழே வைத்திருக்கும் 20 லீற்றர் மூடிவாளியின் மூடியில் வெட்டிய துளைக்குள் இறக்குங்கள். துளை குழாயை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். இடைவெளி இருந்தால் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றி அடைக்கலாம். வாளியின் மேல்விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே இன்னொரு துளையிட்டு, ஓர் அங்குலக் குழாயால் சுவருக்கு வெளியே வழிவிடுங்கள். வாளி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வெளியே நிற்கும் வாழைக்குப் போய்விடும். அந்த வெளிக்குழாயின் நுனியில் நுளம்புவலைத் துண்டொன்றைக் கட்டுவதை மறக்க வேண்டாம். வாளியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு குழாய் பூட்டினால் மூடியைத் திறக்காமலே பேணியில் பிடித்து ஊற்றலாம்.

ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். உடம்பைக் கழுவும் தண்ணீரும் மலசலகூடப் பானுக்கு ஊற்றும் தண்ணீரும் வெவ்வேறு வாளிகளில் இருக்க வேண்டும். இரண்டின் நிறமும் வேறாக இருந்தால் சிறுபிள்ளைகூட மாற்றி எடுக்காது. பேசின் கழிவுநீர் பானுக்கு மட்டுமே உரியது.

மேசனுக்கு அரைநாள் வேலை இது. அடுத்த மாரியில் தேவையில்லை என்று தோன்றினால், வாளியை எடுத்துவிட்டுக் கழிவுக் குழாயை நேரே வெளியே நீட்டிவிடலாம்.

கைகழுவிய தண்ணீரைத் தாங்கிக்குள் விட்டால் மணக்காதா?

நாள்தோறும் பலர் பயன்படுத்தும் வீட்டில் மணக்காது. தண்ணீர் தேங்கி நிற்க நேரமில்லை. ஒருவர் இருவர் மட்டும் வாழும் வீட்டிலும், கிழமைக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் சவர்க்காரக் கழிவோடு நிற்கும் தண்ணீர் கெட்டு மணக்கும். சவர்க்காரப் படிவு தாங்கியின் அடித்துளையை மூடும் அடிரப்பரில் ஒட்டினால் அது சரியாக மூடாமல் கசியவும் தொடங்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி மெல்லிய தூரிகையால் உட்சுவரையும் ரப்பரையும் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய்க் கையையும், மீன் வெட்டிய கையையும், சாயம் தீட்டிய தூரிகையையும் இந்தப் பேசினில் கழுவக் கூடாது. பயணம் போகும்போது தண்ணீரை அடைத்துவிட்டு ஒரு முழு ஃபிளஷ் செய்து தாங்கியை வெறுமையாக்கிவிட்டுப் போவது நல்லது.

எங்கள் தண்ணீர்த் தாங்கி அவ்வளவு உயரத்தில் இல்லை. இந்த அமைப்புக்குப் போதுமா?

கடையில் வாங்கி வந்த பிறகு பலர் ஏமாறும் இடம் இது. தண்ணீரின் அழுத்தம் கூரைத் தாங்கியின் உயரத்தைப் பொறுத்தது: 10 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). மலசலகூடக் கூரையின் மேல், பேசினிலிருந்து 10 அடி உயரத்தில் தாங்கி வைத்த வீட்டில் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. மூன்று நான்கு மாடிக் கட்டடங்களையும் நகர நீர்வழங்கலையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட நிரப்பும் வால்வுகள் அந்த அழுத்தத்தில் நூல்போலத்தான் தண்ணீர் விடும். சவர்க்காரம் போட்ட கையோடு நின்று பொறுமையிழந்து, பக்கத்துக் குழாயைத் திறந்துவிடுவீர்கள்.

எனவே வாங்கும்போது குறைந்த அழுத்தத்துக்குரிய வால்வ் உண்டா என்று கேளுங்கள். பல வால்வுகளில் நுழைவாயிலில் அழுத்தத்தைக் குறைக்கும் சிறு பிளாஸ்ரிக் அடைப்பொன்று இருக்கும். மேல்தாங்கித் தண்ணீருக்கு அதைக் கழற்றிவிடலாம். கூரைத் தாங்கிக்கும் குளியலறைக்கும் இடையில் அரை அங்குலக் குழாய்க்குப் பதிலாக முக்கால் அங்குலக் குழாய் போட்டு, முழங்கை வளைவுகளைக் குறைத்தாலும் ஓட்டம் கூடும். மின்சாரத்தில் இயங்கும் கழுவும் இருக்கைகள் இன்னும் கூடிய அழுத்தம் கேட்பவை. மின்தடையும் தாழ்ந்த தாங்கியும் உள்ள வீட்டுக்கு அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வவுனியாவில் எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் படிவு வைக்கிறது. பொருத்துகளுக்கு என்ன ஆகும்?

கேத்திலில் படிவது நிரப்பும் வால்விலும் பேசின் குழாயின் நுனியிலும் படியும். மெல்லிய துளைகள் உள்ள எந்தப் பொருத்தும் கடின நீரில் முதலில் அடைபடும். மெல்லிய துளை நிறைந்தவை இணைந்த பொருத்துகளே. வால்வின் உள்ளிருக்கும் சல்லடையையும் குழாய் நுனியையும் கழற்றி ஓர் இரவு வினாகிரியில் ஊறவைத்தால் படிவு இளகிவிடும். உலோகப் பகுதிகளில் கடும் அமிலம் ஊற்ற வேண்டாம், பூச்சு போய்விடும். முல்லைத்தீவுக் கரையோரத்து உவர்நீருக்கு உலோகத்தைவிட பிளாஸ்ரிக் வால்வும் பிளாஸ்ரிக் இணைப்புக் குழாயும் நீடித்து உழைக்கும்.

குடிநீரின் தரம் வேறு கேள்வி. புளோரைட்டும் கடினத்தன்மையும் கூடிய கிணற்றுநீரை இந்தப் பொருத்துகள் எவ்வகையிலும் சுத்திகரிப்பதில்லை. குடிக்கும் தண்ணீரைப் பரிசோதித்தே குடிக்க வேண்டும்.

சிறிய வீட்டில் எவ்வளவு இடம் மிஞ்சும்?

தனிப் பேசினொன்று சுவரில் ஏறத்தாழ 18 அங்குல அகலத்தைப் பிடிக்கிறது. அதற்கு முன்னால் ஒருவர் குனிந்து நிற்க இன்னொரு 20 அங்குலம் வேண்டும். 550 சதுர அடி வீட்டில் அந்த இடம் ஒரு கதவு முழுதாகத் திறப்பதற்கும் திறக்காமைக்கும் இடைப்பட்ட வேறுபாடு. பேசினைத் தாங்கிக்கு மேலேற்றினால் கொமட்டுக்கு முன்னிருக்கும் அதே வெளியே பேசினுக்கும் நிற்குமிடம் ஆகிவிடும். இருந்தாலும் கொமட்டைச் சுவர்களுக்கிடையே நெருக்கி வைத்துவிடக் கூடாது: அதன் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலமும், முன்விளிம்புக்கு முன்னால் 21 அங்குலமும் குறைந்தபட்சம் விடுங்கள். தாங்கிக்கு மேலுள்ள பேசினை எட்டக் கொமட்டின் மேலாகக் குனிய வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது எட்டாது.

கழிவுக் குழாய் தரைக்குள் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா என்பதும், சுவரிலிருந்து எத்தனை அங்குலத்தில் இறங்குகிறது என்பதும் கொமட்டுக்குக் கொமட் மாறும். மேசன் தரையை வார்ப்பதற்கு முன் கொமட்டை வாங்கிவிடுங்கள்.

குளியலறையையும் மலசலகூடத்தையும் ஒன்றாக்குவது நல்லதா?

இடத்துக்கு நல்லது, ஒரு சுவரும் ஒரு கதவும் மிஞ்சும். இரவில் முற்றம் கடந்து போக வேண்டியதில்லை என்பது பெண்களுக்கும் முதியோருக்கும் சொல்லுக்கடங்காத ஆறுதல். பாம்புகள் நடமாடும் காட்டோர ஊர்களில் அதுவே போதிய காரணம். மலசலகூடம் வீட்டுக்குப் புறத்தே இருக்க வேண்டும் என்று எண்ணும் மூத்தவர்களின் மனத்தையும் மதிக்க வேண்டும். கதவை வீட்டுக்குள் வைக்காமல் பின்விறாந்தைப் பக்கமாக வைத்தால் இரு தரப்புக்கும் பொருந்தும்.

தண்ணீரைப் பொறுத்தவரை இங்கே பெரிய பிழையொன்று நடக்கிறது. அறை ஒன்றானதும் மேசன்மார் குளிக்கும் தண்ணீரையும் மலத்தையும் ஒரே குழாயில் சேர்த்து மலக்குழிக்கு விட்டுவிடுகிறார்கள். ஐந்து பேர் குளிக்கும் தண்ணீர் கொமட்டுக்கு விடும் தண்ணீரைவிடக் கூட. அது குழியை விரைவில் நிரப்புகிறது, மாரியில் குழி பொங்குகிறது. கிணற்றடியில் குளித்த காலத்தில் வாழைக்கும் கமுகுக்கும் தென்னைக்கும் போன தண்ணீர் இன்று மலத்தோடு சேர்ந்து மண்ணுக்குள் வீணாகிறது. அறை ஒன்றாக இருக்கலாம். குழாய் இரண்டாகத்தான் இருக்க வேண்டும். குளிக்கும் பகுதியின் தரையை மற்றப் பகுதியைவிட ஓர் அங்குலம் தாழ்த்தி, அங்கிருந்து தனிக் குழாயொன்றை, முடிநார் பிடிக்கும் சல்லடையோடு, மரங்களின் அடிக்கு விடுங்கள். மண்ணின் மேல் தேங்கவிடாமல் கல்லும் மணலும் நிரப்பிய சிறு குழிக்குள் விட்டால் நாற்றமும் நுளம்பும் வராது. சவர்க்காரநீர் கீரைப் பாத்திக்கு வேண்டாம். மரங்களுக்கு மட்டும் விடுங்கள்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களின் கீழே சிறுபோகம் செய்யும் மக்கள், வாய்க்காலில் வரும் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டு வாழ்பவர்கள். வயலில் அவ்வளவு கவனமாக இருப்பவர்களின் வீட்டில், ஒருமுறை தொட்ட தண்ணீர் நேரே குழிக்குப் போவதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

வீட்டில் சக்கர நாற்காலி பாவிப்பவர் இருக்கிறார். எது ஏற்றது?

தாங்கிக்கு மேல் பேசின் வைத்த வகையை வாங்க வேண்டாம். நாற்காலியில் இருந்தபடி கொமட்டுக்குப் பின்னால் கை எட்டாது. செயற்கைக்கால் பொருத்தியவருக்கும் முன்னே குனிந்து சமநிலை காப்பது கடினம். போரில் காலை இழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் வன்னிக் கிராமங்கள் பலவற்றில் வாழ்கிறார்கள் என்பதால், கட்டும்போதே இதை எண்ண வேண்டும்.

இவர்களுக்கு உகந்தது ஈர அறை: வாசற்படி இல்லாமல், குளிக்கும் இடத்துக்குத் தடுப்புக் கட்டு இல்லாமல், வழுக்காத தரையோடு கட்டிய ஒரே அறை. நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றத் தரையில் 5 அடி விட்டம் வேண்டும். கொமட் இருக்கை 17 முதல் 19 அங்குல உயரத்திலும், கைப்பிடிக் கம்பி 33 முதல் 36 அங்குல உயரத்திலும் இருக்கட்டும். கம்பியை வெறும் புளொக் கல்லில் திருகாணியால் பூட்டினால் பாரம் தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வரும். பூட்டும் இடத்தில் கொங்கிரீட் நிரப்பச் சொல்லுங்கள். பேசினைக் கொமட்டில் அமர்ந்தபடியே கை எட்டும் பக்கச் சுவரில், கீழே முழங்கால் நுழைய வெளிவிட்டுப் பொருத்தி, அதன் கழிவுநீரைப் பக்கத்து மூடிவாளிக்கு விடலாம். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் உட்புறமாகத் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.

கொமட்டுக்குப் பக்கத்தில் உடம்பு கழுவ மாட்டும் கைச் சவர் தண்ணீரை மிச்சம் பிடிக்குமா?

அளவாக அழுத்தினால் பேணியில் அள்ளுவதைவிடச் சற்றுக் குறையும். ஆனால் அதன் ஹோஸ் எந்நேரமும் அழுத்தத்தில் இருப்பதால் ஒருநாள் வெடிக்கக்கூடும். வீட்டில் ஆளில்லாத வேளையில் வெடித்தால் கூரைத் தாங்கி முழுவதும் தரையில் ஓடிவிடும். சுவரிலுள்ள வால்வை ஒவ்வொரு தடவையும் மூடுங்கள். கைச் சவரைக் கொமட்டுக்குள் தொங்கவிடவும் கூடாது. கூரைத் தாங்கி வெறுமையாகும் நேரத்தில் அழுக்குநீர் குழாய்க்குள் பின்னோக்கி உறிஞ்சப்படலாம்.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்? தண்ணீர் குறைந்தால் குழாய் அடைக்காதா?

50 அடிக்குக் குறைய வேண்டாம். காணி இடங்கொடுத்தால் இன்னும் தள்ளிப் போங்கள், பக்கத்து வளவுக் கிணற்றையும் அளந்து பாருங்கள். கட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்பது முறை. குழியைத் தள்ளி வைப்பதால் குழாய் நீளும். நீண்ட குழாயில் குறைந்த தண்ணீர் மலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இடையில் விட்டுவிடும் என்ற பயம் நியாயமானது. நான்கு அங்குலக் குழாயை 40க்கு 1 என்ற சரிவில், அதாவது 10 அடிக்கு 3 அங்குலம் இறங்கும்படி, வளைவுகள் இல்லாமல் நேராகப் போட்டால் 6 லீற்றர் போதும். குழாய் மிக நீளமானால் 4.5 லீற்றர் வகையைத் தவிர்த்து 6 லீற்றர் வகையையே எடுங்கள்.

நுளம்பு பெருகாதா?

பெருகக்கூடும். டெங்கு பரப்பும் நுளம்பு தெளிந்து தேங்கிய நீரில் முட்டையிட்டு ஏறத்தாழ ஒரு கிழமையில் பறக்கத் தொடங்கும். மூடி பொருந்தாத ஃபிளஷ் தாங்கி அதற்கு வசதியான இடம். பேசின் துளையில் மெல்லிய சல்லடை வையுங்கள், மூடியின் விளிம்பில் இடைவெளி விடாதீர்கள், பாவனையில் இல்லாத மலசலகூடத்திலும் கிழமைக்கு ஒருமுறையாவது தண்ணீர் விடுங்கள்.

ஏற்கெனவே கொமட் வைத்துவிட்டோம். புதிதாக எதுவும் வாங்காமல் என்ன செய்யலாம்?

9 லீற்றர்த் தாங்கியின் மிதவையைத் திருகிச் சற்றுத் தாழ்த்தினால் ஒவ்வொரு தடவையும் ஒரு லீற்றரேனும் குறையும். தண்ணீர் நிரப்பி இறுக மூடிய ஒன்றரை லீற்றர்ப் போத்தலொன்றை, மிதவையிலும் ரப்பரிலும் படாதபடி, தாங்கிக்குள் நிறுத்தி வைப்பதும் அதே பலனைத் தரும். செங்கல் வைக்க வேண்டாம். அது கரைந்து துகள் ரப்பரில் சிக்கும். ஒரு தடவையில் மலம் போகாவிட்டால் அளவு மிஞ்சிக் குறைத்துவிட்டீர்கள் என்று அறிந்து மிதவையைச் சற்று உயர்த்துங்கள்.

அதற்கும் முன்னே கசிவைப் பாருங்கள். இரவில் எல்லாரும் படுத்த பிறகு, தாங்கித் தண்ணீரில் வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தைச் சில துளி விட்டு, ஃபிளஷ் செய்யாமல் கால்மணி நேரம் கழித்துக் கொமட்டுக்குள் பாருங்கள். உள்ளே நீலம் தெரிந்தால் அடிரப்பர் கசிகிறது. சத்தமில்லாமல் இரவு பகலாக ஓடும் அந்தக் கசிவை நிறுத்த ஹாட்வெயார் கடையில் ஒரு புதிய ரப்பர் போதும். பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய், அதே அளவில் கேட்டு வாங்குங்கள்.